மார்பக ஆரோக்கியத்துக்கு வீட்டிலேயே இயற்கையாக என்ன செய்யலாம்? எந்த எண்ணெய் தேய்ப்பது நல்லது?

வயது 34 என்று போட்டு, எந்த எண்ணெய் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைச் சும்மா யாரும் கேட்பதில்லை. கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது, வீட்டில் சொல்லாமல் ராத்திரி போனில் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் லேடீஸ் டெய்லர். "நம்ம வைத்தியத்தைக் குறை சொல்கிறாயா" என்று கிளம்பி வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு மல்லிகைப்பூவே வேலை செய்திருக்கிறது. 2011ல் சின்னவனுக்குப் பால் மறக்கடித்தபோது மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. அம்மா நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தை உள்ளே வைத்துக் கட்டிவிட்டார். வாடினதும் புதுப்பூ. சில நாளில் பால் வற்றிவிட்டது. இது வெறும் பாட்டி கதை இல்லை. வேலூரில் டாக்டர்களே இந்த மல்லிகையையும் பால் வற்றக் கொடுக்கும் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து 1988ல் எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் பால் சுரப்பு ஹார்மோனைக் குறைப்பதில் மாத்திரைதான் முந்தியது. ஆனால் பால் கட்டிக்கொள்வதும் வலியும் குறைந்ததில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததாம். சரி, இது பாலை நிறுத்துவதற்கு. குழந்தை இன்னும் குடிக்கிறது என்றால் பூப் பக்கமே போகாதீர்கள். அடிக்கடி கொடுங்கள், இல்லாவிட்டால் பீய்ச்சி எடுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

பூ வைத்துக் கட்டிய அதே அம்மாவின் கதைதான் சொல்ல வந்தது.

2019 மாசி மாதம். அம்மா நாலு ரவிக்கையைக் கொண்டுவந்து போட்டு, "இடது பக்கம் பிடிக்குது, கொஞ்சம் பிரிச்சு விடு" என்றார். ஒரு பக்கம் மட்டும் எப்படிப் பிடிக்கும் என்று உள்பக்கம் திருப்பினேன். நாலு ரவிக்கையிலும் இடது பக்க லைனிங்கில், ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. துவைத்தும் போகாத கறை. மோந்து பார்த்தேன், விளக்கெண்ணெய் வாடை.

ஆடியில் சுண்டைக்காய் அளவில் தட்டுப்பட்டிருக்கிறது. பால் கட்டிதான், பழசு, என்று தானே முடிவுசெய்து மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பத்துப் போட்டிருக்கிறார். அப்போது அம்மாவுக்கு 61 வயது, கடைசியாகப் பால் கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல்! ஏன் சொல்லவில்லை என்றால், "வலிக்கலையேடி" என்கிறார். வலிக்காததுதான் முதலில் காட்ட வேண்டிய கட்டி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டாக்டரம்மா "எத்தனை நாளா?" என்று கேட்டதற்கு "போன வாரந்தான்" என்று கூசாமல் சொன்னார். நான் ரவிக்கையைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணினார்கள், கேன்சர். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஆகி இப்போது நன்றாக இருக்கிறார். பத்தினால் கேன்சர் வந்தது என்று நான் சொல்லவில்லை. பத்துப் போட்டுக்கொண்டே ஏழு மாதம் போனது என்கிறேன்.

"மூணு பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கு எப்படி வரும்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002ல் சொன்ன கணக்கு, மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து ஏறக்குறைய 4 சதவீதம் குறையும் என்பது. குறையும், அவ்வளவுதான். வராது என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமியார் வீட்டில் பிராவைக் கொடியில் துண்டுக்கு அடியில்தான் காயப்போட வேண்டும். பதினெட்டு வருஷமாக என் பிரா வெயிலைப் பார்த்ததில்லை. மாமனாரின் பனியனும் அண்டர்வேரும் முன்வாசலில் கொடி பறக்கிற மாதிரி பறக்கும். மதுரை வேர்வையில் ஈரம் காயாததைப் போட்டுப் போட்டு மார்புக்கு அடியில் சிவந்து அரிப்பு. கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அளவெடுக்கும்போது இதே இடத்தைச் சொறிகிறார்கள் தெரியுமா? குளித்ததும் அங்கே நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், துணியை வெயிலில் போடுங்கள். யார் என்ன சொன்னாலும் போடுங்கள். மாதவிலக்குக்கு முந்தின வாரம் இரண்டு பக்கமும் கனத்து வலித்தால் அளவான பிரா போட்டாலே கொஞ்சம் தேவலை. அளவு சொல்ல வெட்கப்பட்டு 34 என்று வாங்கிப் போகிற 38கள் நிறைய.

உங்களுக்கு மாதவிலக்கு நின்றிருக்காது. அது முடிந்த சில நாளில், கனம் குறைந்திருக்கும்போது, நடு மூன்று விரல்களைப் படிய வைத்து அக்குள் வரைக்கும், மேலே காறை எலும்பு வரைக்கும் வட்டமாகத் தடவிப் பாருங்கள். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் குழி விழுகிறதா, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். உங்கள் வயதில் தட்டுப்படுகிற கட்டி பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், பயந்து சாகவேண்டியதில்லை. ஆனால் அதை நீங்களோ நானோ சொல்ல முடியாது, ஸ்கேன் சொல்ல வேண்டும். 30 வயதானாலே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா கையால் பார்த்துச் சொல்லும் பரிசோதனை உண்டு, காசு கிடையாது.

அம்மாவுக்கு மாதவிலக்குக் கணக்கு இல்லாததால் தமிழ் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்க்கும்போதே பார்த்துக்கொள்கிறார். எந்த எண்ணெய் என்றுதானே கேட்டீர்கள்? நல்லெண்ணெய். விரல் வழுக்கிப் போவதற்காக, வேறு ஒன்றுக்கும் இல்லை.