மரத்துப் போன காலுக்கு ரப்பர் செருப்பா?

கேள்வி: அக்கா, நான் யாங்கோன்ல வேலை பாக்குறேன், வயசு 29. அடுத்த மாசம் ஃப்ரெண்ட்ஸோட சைட்டியோ தங்கப்பாறை பகோடாவுக்குப் போறோம், மலையடிவாரத்துல இருக்கற கின்பூன்லேந்து லாரியில ஏறாம நடந்தே ஏறணும்னு பிளான். மலையேற்ற ஷூ ஒண்ணு பாத்தேன், 1,20,000 சாட் சொல்றான். அவ்ளோ குடுக்கணுமா? கம்மி விலையில கால் வலிக்காத ஷூ எப்படிப் பாத்து வாங்குறது? அம்மாவும் வராங்க, அவங்க லாரியில வந்துருவாங்க. சுகர்னால கால் மரத்துப் போச்சு, அதனால ரப்பர் செருப்பே போதும், வெறுங்கால்ல நடந்தாலும் வலி தெரியாது, பிரச்சனை இல்ல.

பதில்: தம்பி, தடின்ஜூ விளக்குப் பண்டிகை முடிஞ்சாலே எனக்கு இந்த ஷூ கேள்வி வர ஆரம்பிச்சுரும், அதுக்குப் பதில் நாலு வரிதான், அப்புறமா சொல்றேன். போற போக்குல "வலி தெரியாது, பிரச்சனை இல்ல"ன்னு எழுதியிருக்க பாரு, அதத்தான் நான் மூணு தடவ படிச்சேன். என்ன புள்ளடா நீ?

நமக்குக் கல்லு குத்துனா காலத் தூக்கிடுறோம், அவங்க தூக்க மாட்டாங்க, அது மேலேயே நாள் பூரா மிதிச்சு நடப்பாங்க. எங்க அப்பா ஒரு நாள் சாயங்காலம் வாயில குன்யா வெத்தலைய அடக்கிக்கிட்டு ஜாலியா கதை பேசிட்டு உக்காந்திருக்காரு, தரையெல்லாம் செவப்பு, எச்சி துப்பி வச்சிருக்காருன்னு திட்டப் போனேன், பாத்தா ரத்தம். செருப்புல ஏறின ஆணி பெருவிரலுக்கு அடியில நிக்குது, மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியல. புண்ணு ஆறவே இல்ல, கடைசில அந்த விரலையே எடுத்தாங்க.

சரி, உன் பிளானையே பாப்போம். லாரி ஒரு மணி நேரத்துக்குள்ள மேல போயிரும். நீ நடந்து வர நாலஞ்சு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பெத்தவ தனியா நிக்கணுமா? அதுவும் மேல செருப்பு மட்டுமில்ல, சாக்ஸும் போடக்கூடாது. மத்தியான வெயில்ல அந்தத் தரை கொதிக்கும், நீ துள்ளிக் குதிச்சு நெழலுக்கு ஓடுவ, அம்மா நிதானமா நின்னு கும்பிடுவாங்க, ராத்திரி பாத்தா உள்ளங்கால் பூரா கொப்புளம். அதனால நீயும் அவங்க கூட லாரியில ஏறு, நடைய இன்னொரு வருஷம் வச்சுக்க. விடியக்காலையிலயோ பொழுது சாஞ்சோ கூட்டிட்டுப் போ. பல்லக்குல தூக்கிட்டுப் போறவங்க இருப்பாங்க, காசப் பாக்காத. பாறையில தங்க ரேக்கு ஒட்ட ஆம்பளைங்கள மட்டும்தான் விடுவாங்க, அம்மா தள்ளி நின்னுதான் கும்பிடணும், அப்பவும் நீ ஃப்ரெண்ட்ஸோட போட்டோவுக்கு ஓடிராத.

அம்மாவுக்கு முன்பக்கம் மூடின, அகலமான, உள்ள தையல் உறுத்தாத வெல்க்ரோ ஷூ வேணும். சாயங்காலமா வாங்கு, அப்பதான் கால் வீங்கியிருக்கும். அவங்கள நிக்க வச்சு பேப்பர்ல ரெண்டு காலையும் வரைஞ்சு வெட்டி எடுத்துட்டுப் போயி ஷூக்குள்ள போட்டுப் பாரு, ஓரம் மடங்குச்சுன்னா அது வேணாம். "இறுக்குதாம்மா"ன்னு கேட்டுப் பிரயோஜனமில்ல, அவங்களுக்குத் தெரியாதுன்னு நீயே சொல்லிட்ட. போடுறதுக்கு முன்னாடி ஷூவக் கவுத்துத் தட்டி உள்ள கைய விட்டுத் தடவு, ராத்திரி விரலிடுக்கு வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாரு. அவங்களையே பாத்துக்கச் சொல்லாத. கெளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயும் ஒரு தடவ கால காட்டிரு.

இப்ப உன் ஷூ. கின்பூன் பாதை சுமார் 11 கிலோமீட்டர், மண்ணும் படியும், வழியெல்லாம் கடை, அதுக்கு எதுக்கு கணுக்கால் மூடின பூட்ஸ்? மேல போனா கழட்டி பிளாஸ்டிக் பையில தூக்கிட்டுத்தான நடக்கப் போற! நல்லா பிடிப்பு இருக்கற ஓட்ட ஷூ போதும். கையில வச்சு வளைச்சுப் பாரு, விரல் மடங்குற எடத்துல வளையணும், நடுவுல மடிஞ்சா வச்சுட்டு வந்துரு. நீட்டு விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலம் எடம் விடு, இல்லாட்டி எறங்கும்போது நகம் கறுத்துரும். பருத்தி சாக்ஸ் வேர்வைய உறிஞ்சி ஈரமாவே கெடக்கும், கொப்புளம் போடும், அது வேணாம். புது ஷூவ ரெண்டு வாரமாவது வேலைக்குப் போட்டுட்டுப் போயி பழக்கு. ஃப்ரெண்டோட பழைய ஷூன்னு எதையும் வாங்கிராத, வருஷக்கணக்கா கெடந்த ஷூவுல சோல் நடுவழியில பிச்சுக்கிட்டு வரும்.

அந்த 1,20,000 சாட்ட எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை கடைக்குப் போ. மொதல்ல அம்மாவுக்கு வாங்கு, மிச்சத்துல உனக்கு.