கெட்டில்பெல் டெட்லிஃப்ட் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சி) கற்க கோச் அவசியமா, வீடியோ போதாதா?

முதல் சில வகுப்புகளுக்காவது கோச் வேண்டும் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் தூக்கும்போது முதுகு வளைவது நமக்கே தெரியாது. நானும் வீடியோ பார்த்துத்தான் ஆரம்பித்தேன், முதுகு நேராக இருப்பதாகவே நம்பினேன். கோச் எடையைத் தொடவே விடாமல் ஒரு நீளமான குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்: பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது ஒட்டியே இருக்க வேண்டும். பாதி குனிவதற்குள் வால் எலும்பிலிருந்து விலகிவிட்டது.

இது ஸ்குவாட் (முழங்காலை நன்றாக மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) இல்லை. முழங்கால் லேசாக மடங்கினால் போதும், இடுப்புதான் பின்னால் போக வேண்டும். சுவருக்கு ஓர் அடி முன்னால் முதுகு காட்டி நின்று, பின்பக்கத்தால் சுவரைத் தொட்டுப் பாருங்கள், தொடையின் பின்தசை இழுப்பது தெரியும்.

அப்புறம், பெல் இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே இருக்கட்டும். கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாலும் அதே எடை கீழ்முதுகை அதிகமாக இழுக்கும். தூக்குமுன் அக்குளில் ஒரு காகிதத்தை இடுக்கிக்கொண்டதுபோல் கைகளை உடம்போடு இறுக்கி, மூச்சை வயிற்றில் நிறுத்தி, பாதத்தால் தரையை அழுத்தி எழுங்கள். மேலே வந்ததும் பின்னால் சாய வேண்டாம்.

நல்ல கோச் பக்கவாட்டில் நின்று பார்ப்பார், ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான் சொல்வார். ஏற்கனவே முதுகுவலி இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.