நேரடிப் பேருந்தா, மாறிச் செல்வதா?

கேள்வி: என் அம்மா சிங்கப்பூரின் தோ பாயோவில் வசிக்கிறார். வீட்டருகே ஏறும் இணைப்புப் பேருந்து, தோ பாயோ பேருந்துச் சந்திப்பு நிலையம் வரைதான் செல்கிறது. அங்கே இறங்கி வேறு பேருந்திலோ ரயிலிலோ ஏற வேண்டும். முதியவர்களை இப்படி அலையவிடாமல் எல்லா வட்டாரங்களுக்கும் நேரடிப் பேருந்து விடக் கூடாதா? ஒவ்வொரு முறை ஏறும்போதும் தனிக் கட்டணமா?

பதில்: முதலில் கட்டணக் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். 2010 ஜூலைக்கு முன்பு, ஒவ்வொரு முறை ஏறும்போதும் தொடக்கக் கட்டணம் புதிதாகப் பிடிக்கப்பட்டு, மாறிச் செல்பவருக்குச் சிறு தள்ளுபடி மட்டும் கிடைத்தது. இப்போது மாறிச் சென்றாலும் பயணத்தின் மொத்தத் தொலைவுக்கே கட்டணம். இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். இறங்கும்போது பயண அட்டையைக் கருவியில் தட்ட மறந்தால் மட்டும், அந்தப் பேருந்து செல்லும் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிக்கப்பட்டுவிடும்; அம்மாவிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

நேரடிப் பேருந்து ஏன் இல்லை என்பதற்கு விடை, வண்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. இருக்கும் வண்டிகளைப் பத்து வட்டாரங்களுக்குப் பிரித்து அனுப்பினால், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அரை மணிக்கு ஒன்றுதான் வரும். அதே வண்டிகள் தோ பாயோவுக்குள்ளேயே சுற்றி நிலையத்துக்குத் திரும்பினால், சில நிமிடங்களுக்கு ஒன்று கிடைக்கும். நீண்ட பாதையில் எங்கோ ஓரிடத்தில் ஏற்படும் நெரிசல் கடைசி நிறுத்தம் வரை தாமதத்தை இழுத்துச் செல்வதும், வராமலிருந்த வண்டிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வருவதும் நாம் அறிந்தவையே. நிலையத்தில் ஓட்டுநர் ஓய்வெடுக்கவும், அடுத்த வண்டி குறித்த நேரத்தில் புறப்படவும் வழியிருப்பதால் அந்தத் தாமதம் அங்கேயே தீர்கிறது. 1987 நவம்பரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியபோது முதலில் திறக்கப்பட்ட ஐந்து நிலையங்களில் தோ பாயோவும் ஒன்று. அதன் பிறகு வீட்டையும் ரயிலையும் இணைப்பது இங்குள்ள பேருந்துகளின் முக்கிய வேலையாகிவிட்டது.

மாறும் இடம் துன்பம் தராததாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நியாயமாகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நடுவத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட இப்போதைய தோ பாயோ நிலையம் 2002-இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் முழுவதும் குளிரூட்டப்பட்ட முதல் பேருந்துச் சந்திப்பு நிலையம் அதுவே. புகையிலும் வெயிலிலும் நின்றவர்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே காத்திருக்க முடிந்தது, முதியவர்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம்.

ஆனாலும் உங்கள் ஆதங்கத்தில் உண்மை இருக்கிறது. முழங்கால் வலியோடு ஒருமுறை இறங்கி, நடந்து, மீண்டும் ஏறுவது எந்தக் கட்டணக் கணக்கிலும் வராத செலவு. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்ததால் 167-ஆம் எண் நேரடிப் பேருந்தை நிறுத்தப்போவதாக 2023 நவம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பும் இதைத்தான் சொன்னது. அந்தப் பேருந்து, அரை மணிக்கு ஒன்று என்ற அளவிலாவது, தொடர்ந்து ஓட்டப்பட்டது. சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். மருத்துவமனைக்கும் சந்தைக்கும் முதியவர்கள் அதிகம் செல்லும் பாதைகளில், பயணிகள் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நேரடிச் சேவையை எடுத்துவிடக் கூடாது.

கேள்வி: நிலையத்தில் இறங்கிக் காய்கறி வாங்கிய பின் அடுத்த பேருந்தில் ஏறினால், அது புதிய பயணமாகிவிடுமா?

பதில்: ஆகாது. 45 நிமிடத்துக்குள் வேறு எண்ணுள்ள பேருந்தில் ஏறினால் அதே பயணத்தின் தொடர்ச்சிதான். வந்த அதே எண்ணுள்ள பேருந்தில் மீண்டும் ஏறினால் மட்டும், எவ்வளவு சீக்கிரம் ஏறினாலும், புதிய பயணமாகக் கணக்கிடப்படும்.