ரேம் கெட்டதா, வேறு கோளாறா? கேள்வி பதில்

கேள்வி: கணினி திடீரென நின்றுபோய் வரும் நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வருகிறது. விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டும் சரியாகவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஒரே பிழை ஒரே கோப்பின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருளை) சந்தேகிப்பேன். இப்படி மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். மூன்றாவது தடவை விண்டோஸ் போட வேண்டாம். கெட்ட ரேம் வழியாகப் போகும் கோப்புகள் போடும்போதே சிதைந்துவிடலாம். அதே காரணத்தால், பழைய பேக்கப் இருந்தால் அதன் மேல் இப்போது எதையும் எழுதாதீர்கள். புதிய நகலைத் தனியாக வையுங்கள். கணினியை மாற்றிக்கொள்ளலாம், உங்கள் படங்களை மாற்ற முடியாது.

அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்றும் முடியும்வரை விடுங்கள். பல மணி நேரம் ஆகலாம், இரவில் ஓடவிடுவது வசதி. ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பிழை காட்டிவிட்டது. இரண்டு ரேமில் எது கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கழற்றுவதற்கு முன் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புகளில்) எக்ஸ்எம்பி-ஐ, அதாவது ரேமைத் தரநிலையைவிட வேகமாக ஓட்டும் அமைப்பை, அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். டிடிஆர்4 வகை ரேமுக்குத் தரநிலை வேகம் 3200 வரைதான். 3600 என்று விற்கும் ரேம் எக்ஸ்எம்பி மூலம்தான் அந்த வேகத்தில் ஓடுகிறது. அணைத்ததும் பிழை போய்விட்டால் ரேம் நல்லதாகவே இருக்கலாம், பிராசஸரோ மதர்போர்டோ அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்றும் இருக்கலாம்.

போகவில்லையா? மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு ரேமை மட்டும் செருகிச் சோதியுங்கள், பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அதுதான் கெட்டது. இரண்டிலும் வந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

கேள்வி: ரேம் சோதனையில் பிழையே இல்லை. ஆனால் கேம் ஆடும்போது பட்டென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கிறது.

பதில்: 41 காரணத்தைச் சொல்வதில்லை. போன தடவை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும், மறுபடி ஆன் ஆனதும் பதிவு செய்கிறது. நீலத்திரைகூட வராமல், அதிக வேலை கொடுக்கும்போது அணைந்தால் பவர் சப்ளையையும் சூட்டையும் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் மின்கேபிள் முழுதாகச் செருகியிருக்கிறதா என்பதையும்தான்.

கேள்வி: புதிதாக டிடிஆர்5 ரேம் போட்டேன். ஆன் செய்தால் கருப்புத்திரை. போச்சா?

பதில்: அவசரப்பட்டு அணைக்காதீர்கள். முதல் தடவை மெமரி டிரெய்னிங் (ரேமுக்கு ஏற்ற அமைப்புகளைக் கணினி தானே சரிபார்த்துக்கொள்வது) நடக்கும், சில நிமிடங்கள் ஆகலாம்.

கேள்வி: லேப்டாப்பில் ரேம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. சோதனையில் எப்போதும் ஒரே முகவரியில் பிழை.

பதில்: வாரண்டி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால், லினக்ஸில் அந்த முகவரிப் பகுதியைத் தொடாதே என்று க்ரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அமைப்பில் சொல்லலாம். பிழைகள் வேறு முகவரிகளுக்கும் பரவுகின்றனவா என்று அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். பரவினால் அந்த லேப்டாப்பில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.