தம்பிக்கு ஏற்றிய செல்களுக்கு வழி எப்படித் தெரியும்?

கேள்வி: ரத்தப் புற்றுநோய் வந்த என் தம்பிக்கு நான்தான் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) கொடுத்தேன். எனக்கு தினமும் ஊசி போட்டு, 5-ம் நாள் ரத்தத்திலிருந்தே செல்களைப் பிரித்தார்கள். இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது. அவனுக்கு அதைக் கழுத்துக் குழாய் வழியாக ஏற்றினார்கள். எலும்புக்குள் அது எப்படிப் போகும்? ஏற்றி இன்று 9-ம் நாள், கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறவில்லை. பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், சகோதரி. 9-ம் நாளில் கவுன்ட் ஏறாமல் இருப்பது வழக்கம்தான். பெரும்பாலும் 2 முதல் 3 வாரத்துக்குள் ஏறும். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், தொடர்ந்து 3 நாள் 500-க்குக் குறையாமல் நின்றால்தான், செல் பிடித்துவிட்டது என்று நாங்கள் சொல்வோம்.

ஏற்றி முடித்த பிறகும் "ஆபரேஷன் எப்போ டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. எலும்பில் கை வைக்கவே தேவையில்லை, எலும்புக்குள் ரத்தம் உருவாகும் மஜ்ஜையே அந்தச் செல்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். மஜ்ஜைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டியிருக்கும் சில செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல் அதை உணர்ந்து குழாய்ச் சுவரைத் தாண்டி உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. உங்களுக்குப் போட்ட ஜி-சிஎஸ்எஃப் ஊசி செய்தது இதற்கு நேர் எதிர். அந்தப் புரதத்தைக் குறைத்து, பிடியைத் தளர்த்தி, செல்களை ரத்தத்துக்குள் இறக்கிவிட்டது. மஜ்ஜை மும்முரமாக வேலை செய்ததால்தான் அந்த இடுப்பு வலி. இரண்டொரு நாளில் போயிருக்குமே?

உள்ளே போனால் மட்டும் போதாது, அந்த இடமும் நன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் எலிசபெத் ரஸ்ஸல் இரண்டு வகை ரத்தசோகை எலிகளை வைத்து இதைக் காட்டினார். ஒரு வகைக்கு நல்ல மஜ்ஜையை ஏற்றினால் குணமானது. 'ஸ்டீல்' எனும் இன்னொரு வகைக்கு எவ்வளவு நல்ல மஜ்ஜை ஏற்றியும் பலனில்லை. ஆனால் அதே ஸ்டீல் எலியின் மஜ்ஜை முதல் வகை எலியைக் குணமாக்கியது! ஆக, ஸ்டீல் எலியின் செல்லில் குறையில்லை, அது தங்கும் இடத்தில்தான் குறை. அந்த இடம் கொடுக்க வேண்டிய ஒரு வளர்ச்சிப் புரதம் சரியாக இல்லை என்று 1990-ல் தெரிந்தது. செல்லுக்கென்று மஜ்ஜையில் ஓர் இருப்பிடம் உண்டு, அதுதான் அதை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கிறது என்று மான்செஸ்டரில் ரே ஸ்கோஃபீல்ட் 1978-லேயே எழுதிவிட்டார். என் துறையில் எனக்கு மிகப் பிடித்த கருத்து இது.

உங்களுக்குச் செல் குறைந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். பெரும்பாலான ஸ்டெம் செல்களை மஜ்ஜை உறங்கவே வைத்திருக்கிறது, தேவைப்படும்போது எழுப்பிக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று. கவுன்ட் ஏறும்வரை தம்பிக்குக் காய்ச்சல் லேசாகத் தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காமல் வார்டு நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.