அவன் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு அவன் மேல் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. குறிப்பில் 180 டிகிரி, 35 நிமிடம் என்று இருந்தால் எனக்கு 50 நிமிடம் ஆகிறது. அப்போதும் கேக் நடுவில் குழி விழுகிறது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்தேன். முதலில் பார்த்தபோது 195 காட்டியது, பத்து நிமிடம் கழித்து 160. குழப்பம் கூடியதுதான் மிச்சம். எதை மாற்றுவது, அவனையா தெர்மாமீட்டரையா?

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் வரியை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் கணவர், "யாரு அவன், என்ன பண்ணினான்?" என்றார். வம்பு வேண்டாம், இனி ஓவன் என்றே எழுதுகிறேன்.

இப்போதைக்கு இரண்டையும் மாற்றாதீர்கள். 195, 160 இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 180-ல் வைத்தால் ஓவன் 180-லேயே நிற்காது. சூடு ஓர் அளவைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் தானியங்கி சுவிட்சு) ராடை, அதாவது சூடேற்றும் கம்பியை, அணைக்கும். அணைந்த பிறகும் ராடில் மிச்சமிருக்கும் சூடு உள்ளே இறங்கும், அதனால் இன்னும் கொஞ்சம் ஏறும். அப்புறம் மெல்ல இறங்கி, ஓர் அளவுக்குக் கீழே போனதும் டிக் என்று மறுபடி ராடு எரியும். நன்றாக வேலை செய்கிற ஓவனிலேயே இப்படி மேலே பத்துப் பதினைந்து, கீழே பத்துப் பதினைந்து டிகிரி ஆடும். முதல் சுற்றில் இன்னும் அதிகமாகவே தாண்டும். நீங்கள் பார்த்த 195 அந்த முதல் தாண்டலாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஆக, ஒரு தடவை எட்டிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு ஒரே ஒரு கம்பி ரேக்கை நடுவில் போட்டு, அதன் மையத்தில் தெர்மாமீட்டரை வையுங்கள். 180-ல் வையுங்கள். 'ரெடி' விளக்கு அணைந்ததும் ஆரம்பித்துவிடாதீர்கள். அப்போது காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவர்கள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கும். மொத்தம் அரை மணி நேரம் விட்டுவிட்டு, அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறியுங்கள். கதவைத் திறக்கவே கூடாது. கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்த சில நொடிகளில் பல டிகிரி இறங்கிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது உங்கள் அவசரத்தைத்தான்.

என் பழைய ஓவனில் எடுத்த தாள் இன்னும் என் குறிப்பு நோட்டில் இருக்கிறது, ஓரத்தில் வெண்ணெய்க் கறையோடு. வைத்தது 180. வந்தது 174, 163, 152, 149, 168, 171, 158, 150. உச்சம் 174, அடி 149, இரண்டுக்கும் நடு 161 சொச்சம். ஏறக்குறைய 19 டிகிரி குறைவு. உங்கள் 50 நிமிடக் கேக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

தெர்மாமீட்டரே பொய் சொன்னால்? குச்சி போன்ற டிஜிட்டல் என்றால் கொதிக்கிற தண்ணீரில் முனையை விட்டுப் பாருங்கள், 100 காட்ட வேண்டும் (உயரமான இடங்களில் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும்). முள் வைத்த வட்டத் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் போடாதீர்கள். அதற்குச் சர்க்கரை இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை ஃபாயிலில் வைத்து, நன்றாகக் காய்ந்த ஓவனில் 175-ல் கால் மணி நேரம் விட்டால் அது அப்படியே இருக்க வேண்டும். வேறு ஒரு ஸ்பூனை 190-ல் கால் மணி நேரம் விட்டால் உருகியிருக்க வேண்டும். 190-லும் மணல் மாதிரியே கிடந்தால் ஓவன் குறைச்சல். 175-லேயே பாகாகிவிட்டால் கூடுதல். இதை வைத்து ஐந்து டிகிரி வித்தியாசமெல்லாம் சொல்ல முடியாது, ஆனால் தெர்மாமீட்டரும் ஓவனும் சண்டை போடும்போது யார் பக்கம் நியாயம் என்று தெரிந்துவிடும். கால் மணிக்கு மேல் விடாதீர்கள். நேரம் நீண்டால் சர்க்கரை குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கும்.

அடுத்து, இதே அளவை 150-லும் 220-லும் எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தால் நல்ல செய்தி, திருத்தம் மட்டும் போதும். ஓரிடத்தில் 10, ஓரிடத்தில் 40 என்று போனால் தெர்மோஸ்டாட்டோ சென்சாரோ பழுது.

அல்லது என்னைப் போன்ற ஒருத்தி துடைத்திருக்கலாம். அந்தத் தாளை எழுதிய பிறகு நான் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். மாற்றியும் 19 டிகிரி அப்படியே. பழுது பார்க்க வந்தவர் இரண்டாவது தடவை வந்தபோது, தரையில் உட்கார்ந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பென்சில் பருமனில் ஒரு செம்புக் குழல், மெல்லிய கம்பிக் குழாயின் நுனியில் இருக்கும். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்துதான் தெர்மோஸ்டாட்டைத் தள்ளும். அது பக்கச் சுவரில் இரண்டு கிளிப்பில் காற்றில் நிற்க வேண்டும். நான் ஸ்க்ரப்பரால் தேய்த்த வேகத்தில் ஒரு கிளிப்பிலிருந்து கழன்று, ராடு பக்கம் சாய்ந்து கிடந்தது. ராடின் சூட்டை ஓவனின் சூடு என்று நம்பி முன்கூட்டியே அணைத்துக்கொண்டிருந்தது. விரலால் தள்ளிக் கிளிப்பில் மாட்டினார், அவ்வளவுதான். பழைய தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டிருந்தேன்.

எனவே முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, உள்ளே பாருங்கள். அந்தக் குழலோ, டிஜிட்டல் ஓவனில் பின்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் குச்சியோ எதையும் தொடாமல் இருக்கிறதா? அடியில் ஃபாயில் விரித்திருக்கிறீர்களா? அதை எடுத்துவிடுங்கள், கீழ்ச் சூட்டை மறைக்கும். கதவு ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு கசியும்.

திருத்துவது எளிது. பல டிஜிட்டல் ஓவன்களில் கையேட்டில் 'கேலிப்ரேஷன்' என்று ஒரு அமைப்பு இருக்கும், 19 குறைவு என்றால் கூட்டல் 19 என்று போட வேண்டியதுதான். சில நாப்களின் பின்புறம் சின்ன ஸ்க்ரூவால் குறியைத் தள்ளி வைக்கலாம். இரண்டும் இல்லையா? நாப் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, நிஜமான 180 எங்கே வருகிறதோ அங்கே பேனாவால் கோடு போடுங்கள். நான் இப்போது வைத்திருக்கும் ஓவன் அப்படித்தான் ஓடுகிறது, வெட்கமே இல்லை.

ஒன்று மட்டும்: அளக்கும்போது சூடு இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், சுவிட்சு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதை டேப் ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: துப்பாக்கி மாதிரி இருக்கும் லேசர் தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டி அளந்தால் போதாதா?

பதில்: போதாது. அது காற்றை அளக்காது, எதன் மேல் காட்டுகிறீர்களோ அந்தப் பரப்பை அளக்கும். பளபளக்கும் தட்டின் மேல் காட்டினால் மிகக் குறைவாகவும் காட்டும். பீட்சா கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அருமையான சாமான், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூடு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பிஸ்கட் எப்போதும் ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது. ஏன்?

பதில்: ரேக் முழுக்க பிரெட் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, 180-ல் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். எந்த மூலையில் கருக்கிறது, எங்கே வெள்ளையாக நிற்கிறது என்று வரைபடம் மாதிரி தெரியும். அப்படியே ஒரு போட்டோ எடுத்து ஓவன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் பின்பக்க இடது மூலைதான் வில்லன்; பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைத்துச் சமாளிக்கிறேன். அந்த பிரெட்டையெல்லாம் வீணாக்காதீர்கள், கருகியதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பொடித்தால் நல்ல பிரெட் தூள்.