இறக்கிய ஸ்விப்ட்டில் டயர் உரசுவது பற்றி

தம்பி, ஸ்விப்ட் காரை 40 மி.மீ. இறக்கி 215/45 ஆர்17 டயர் (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) போட்டதில், ஆள் ஏறினால் புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் பின் டயர் உரசுகிறது என்கிறீர்கள். டயரின் உயரம் காரணமல்ல, உங்கள் பழைய 185/65 ஆர்15-இன் விட்டம் 621 மி.மீ., இது 625. அகலம்தான் வினை. ஆப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) அதே என்றாலும் பக்கத்துக்கு 15 மி.மீ. வெளியே வரும். ஆப்செட் எண் குறைந்தால் இன்னும் வெளியே தள்ளும். ரிம்மின் உட்புறம் 'ET' என்ற எழுத்துகளோடு அந்த எண் பொறித்திருக்கும், பாருங்கள்.

என் யோசனை 195/55 ஆர்16. விட்டம் 621தான், ஸ்பீடோமீட்டர் மாறாது. சுமை எண் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) மட்டும் பழைய டயருக்குக் குறையக் கூடாது.

அப்புறம், பெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) விளிம்பின் உள்ளே சாக்பீஸ் தடவி, பின்சீட்டில் மூன்று பேரோடு மெதுவாக ஒரு வளைவு போய்ப் பாருங்கள். அழிந்த இடம்தான் உரசும் இடம். அதுவரை மலை ஏற வேண்டாம், டயர் பக்கச்சுவர் கிழிந்துவிடும்.